பெண்டிங்கில் நின்ற அலைகள்: ஸ்லர்ம் வரிசையில் முன்னுரிமையைத் திருத்திய பதிவு

மண்டபம் பக்கம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் சிறிய ஆய்வகத்தில் நான்கு கணினிகளைக் கோத்து ஒரு கிளஸ்டராக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் 16 கோர், 64 ஜிபி ராம். ஒன்றில் மட்டும் ஒரு ஜிபியு உண்டு. எந்த ஜாப், அதாவது யார் கொடுத்த எந்தக் கணினி வேலை, எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ஸ்லர்ம். அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பெருங்கணினிகளுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. 64 கோருக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஐந்து பேர் ஒரே கணினியைக் கேட்டு நிற்கிற இடத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. கட்டளைப் பெயர்களை நாங்கள் வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐந்து பேரில் நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டியவர் அலை மாடல் ஓட்டும் அக்கா. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்வான் மாடலை பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் தனித்தனியாக ஓட்டுகிறார். இந்தக் கரையில் இரண்டு கடலும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாடைக் காலத்தில் வடக்குப் பக்கம் அடிக்கும், கச்சான் காலத்தில் தெற்குப் பக்கம் அடிக்கும். மீனவர்களுக்கான எச்சரிக்கை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸிலிருந்தும் வானிலை ஆய்வு மையத்திலிருந்தும் வருகிறது. எங்கள் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீவுகளின் ஓரம் கடலடியில் போட்டிருக்கும் கருவிகளைப் பார்க்க எங்கள் வல்லம் அன்றைக்குக் கிளம்பலாமா என்று தீர்மானிக்கத்தான் அது.

அதற்கு வேண்டிய காற்றுத் தரவை ஜிஎஃப்எஸ் என்ற உலக வானிலை மாடலிலிருந்து எடுக்கிறோம். அது ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. 18 யூடிசி (உலகப் பொது நேரம்) ஓட்டம் நம் கடிகாரத்தில் இரவு 11.30. கோப்புகள் முழுதாக வந்து சேர விடிகாலை ஆகிவிடும். ஆக, 4.30 வாக்கில் ஸ்வானைத் தொடங்கினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்து, படம் வரைந்து, 7 மணிக்குள் கையில் இருக்கும். சில வாரங்களாக அப்படி இல்லை. அக்கா ஒருநாள் நேராகவே கேட்டார்: "தம்பி, ஏழு மணிக்கு போட் கிளம்புது. ஏழரைக்கு அலைப் படம் வந்தா அதை யாருக்குக் காட்டுறது?"

அக்காவின் ஜாபை வரிசையில் முன்னால் தள்ளிவிடு என்பதுதான் அவர் கேட்டதன் பொருள். அது ஒரே கட்டளையில் ஆகிற காரியம். ஆனால் நாளைக்கும் நானே விடிகாலையில் எழுந்து தள்ள வேண்டும். அதனால் எங்கே அடைக்கிறது என்று முதலில் பார்த்தேன்.

முன்னுரிமைக்கு முன்னால் ராம்

வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளையில் ஒவ்வொரு ஜாபுக்கும் கடைசியில் ஒரு காரணம் வரும். பெண்டிங்கில், அதாவது காத்து நிற்கும் ஜாபுகளில் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்ப்போம்: 'ரிசோர்சஸ்' என்றால் முறை வந்துவிட்டது, இடம் இல்லை, 'பிரையாரிட்டி' என்றால் முன்னால் வேறு யாரோ நிற்கிறார்கள். அக்காவின் ஜாப் பிரையாரிட்டி என்று காட்டியது. முன்னால் நின்றது கீழக்கரைத் தம்பியின் அரே, அதாவது ஒரே மாதிரி வேலைகளை மொத்தமாகப் போடும் ஜாப். கடற்புல் படங்களை வெட்டிச் சீராக்கும் 200 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 கோர், ஒவ்வொன்றும் 40 நிமிடம் போல ஓடும். அதை மாலை 7 மணிக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அவர் வழக்கம்.

இதில் கணக்கு இடித்தது. நான்கு கணினியில் 16 வேலை ஒரே நேரத்தில் ஓடும். 200 வேலைக்கு 13 சுற்று, 8 மணி 40 நிமிடம். அப்படியென்றால் விடிகாலை 3.40க்கே முடிந்திருக்க வேண்டும், அக்காவின் ஜாபுக்கு அது இடைஞ்சலே இல்லை. பிறகு ஏன் முந்தவிடாமல் நிற்கிறது?

எஸ்இன்ஃபோவை ஆர் என்ற பெரிய எழுத்துடன் கொடுத்தால், ஒதுங்கி நிற்கும் நோடுகளும் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்) அதற்கான காரணமும் தெரியும். மூன்றாவது நோடு 'டிரெய்ன்' நிலையில் இருந்தது. காரணம்: லோ ரியல்மெமரி. கட்டமைப்புக் கோப்பில் 64 ஜிபி என்று சொல்லியிருக்கிறோம், நோடு தன்னிடம் 48தான் இருக்கிறது என்று சொல்கிறது. ஸ்லர்ம் அதை நம்பாமல் ஒதுக்கி வைத்துவிட்டது. மூன்று நோடு என்றால் ஒரே நேரத்தில் 12 வேலைதான். 17 சுற்று, 11 மணி 20 நிமிடம். 7 மணிக்குப் போட்ட அரே விடிந்து 6.20க்குத்தான் முடியும். கடைசிச் சுற்றில் மீதி 8 வேலைதான் இருக்கும் என்பதால் 5.40க்கு ஒரு நோடு காலியாகும். அப்போது ஸ்வான் தொடங்கினால் 6.55க்கு முடியும், அதற்கு மேல் படம் வரைய வேண்டும். அக்கா சொன்ன ஏழரை அப்படியே வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தால் ஒரு ராம் குச்சியின் தங்கப் பற்களில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. இந்தக் கரையில் மின்விசிறியின் இறக்கையிலேயே துரு ஏறும்போது கணினியை மட்டும் விட்டுவைக்குமா? பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஸ்லாட்டை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினேன். 64 வந்துவிட்டது. அப்புறம் எஸ்கன்ட்ரோல் என்ற நிர்வாகக் கட்டளையில் அந்த நோடின் நிலையை 'ரிசூம்' என்று மாற்ற வேண்டும், தானாக வராது. அறையில் ஒரு ஈரப்பத மீட்டரையும் மாட்டினேன். ஏசியை ராத்திரி அணைக்கும் பழக்கத்தையும் அதோடு நிறுத்தினோம்.

இங்கே இன்னொன்று. காற்றடித்தால் மின்சாரம் போகும் ஊர் இது, யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். திடீரென்று அணைந்து எழுந்த நோடை ஸ்லர்ம் 'டவுன்' என்று குறித்து வைத்து, யாராவது வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கும். 'ரிட்டர்ன் டு சர்வீஸ்' என்ற அமைப்பை 2 என்று வைத்தால், சரியான கணக்கோடு எழுந்துவரும் நோடு தானே வேலைக்குச் சேர்ந்துகொள்ளும். பெரிய நிலையங்களில் இதை விரும்ப மாட்டார்கள். எங்களைப் போன்ற இடத்துக்கு இது வேண்டும்.

நேரம் சொல்லாத ஜாபுகள்

நான்கு நோடும் வந்த பிறகு நிலைமை தேறியது, தீரவில்லை. தம்பிக்குப் படங்கள் அதிகம் வரும் மாதங்களில் ஒரு அரேவுக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். கடல் வெப்பநிலையைப் பார்க்கிறவர், பவளம் வெளுக்கும் அபாயத்தைக் கணக்கிட செயற்கைக்கோள் தரவை வாரக் கணக்கில் அடுக்குகிறவர், அவரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் தீவிரமாக இருப்பார்.

வரிசையை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தேன். எஸ்க்யூவில் 'ஸ்டார்ட்' என்று சேர்த்துக் கேட்டால், ஒவ்வொரு பெண்டிங் ஜாபும் எப்போது தொடங்கும் என்று ஸ்லர்ம் கணிப்பதைக் காட்டும். எங்களிடம் அந்தப் பத்தியில் உருப்படியாக ஒரு நேரமும் வரவில்லை. காரணம் எளிது: ஓடிக்கொண்டிருந்த எந்த ஜாபுக்கும் நேர வரம்பு இல்லை. பார்ட்டிஷனில், அதாவது நோடுகளைச் சேர்த்து வைத்த குழுவில், அதிகபட்ச நேரம் 'அன்லிமிடெட்' என்று யாரோ ஆரம்பத்தில் வைத்தது. ஜாபைப் போடும் எஸ்பேட்ச் ஸ்கிரிப்டில் நேரம் எழுதாவிட்டால் அதுவே ஜாபுக்கும் போய்விடும்.

ஸ்லர்மில் 'பேக்ஃபில்' என்று ஒரு வேலை பின்னணியில் நடக்கிறது. வரிசையின் தலையில் 16 கோர் கேட்டு ஒரு ஜாப் நிற்கிறது, அதற்கு இடம் காலியாக இரண்டு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். பின்னால் ஒரு மணி நேரத்தில் முடியும் சின்ன ஜாப் இருந்தால், தலையில் நிற்பவரைத் தாமதிக்காமல் அதை இடைவெளியில் ஓட்டிவிடலாம். இதைச் செய்ய இரண்டு செய்தி வேண்டும்: இப்போது ஓடுவது எப்போது முடியும், நுழைய நினைப்பது எவ்வளவு நேரம் ஓடும். இரண்டுமே முடிவில்லை என்றால் பேக்ஃபில் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் முன்னுரிமை எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் பெரிய மாற்றம் வராது. எண் வரிசையைத்தான் மாற்றும், இடத்தை உண்டாக்காது.

அதனால் முதல் மாற்றம் இதில்தான். பார்ட்டிஷனின் அதிகபட்ச நேரத்தை 2 நாள் ஆக்கினேன், எதுவும் சொல்லாதவர்களுக்கு இயல்பு நேரம் 1 மணி. இந்த 1 மணி வேண்டுமென்றே வைத்தது. பெரிய ஜாப் போடுகிறவர் நேரம் எழுதாமல் விட்டால் ஒரு மணியில் அது நின்றுவிடும், மறுமுறை எழுதுவார். கூடவே பேக்ஃபில் எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்ற 'பிஎஃப் விண்டோ'வையும் மாற்ற வேண்டும். இயல்பாக அது 1440 நிமிடம், அதாவது ஒரு நாள். அதிகபட்சம் 2 நாள் என்றால் அதையும் 2880 ஆக்க வேண்டும், இல்லையென்றால் நாளை மறுநாள் முடியும் ஜாபை அது கணக்கில் எடுக்காது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? "அண்ணே, 39ஆவது நிமிஷத்துல கொன்னுட்டா?" என்றார் தம்பி. நியாயமான பயம். எஸ்அக்ட் கட்டளையில் பழைய ஜாபுகள் உண்மையில் எவ்வளவு நேரம் ஓடின என்று எடுத்துக் காட்டினேன். 40 நிமிடத்தைச் சுற்றித்தான் எல்லாம். அதற்கு 1 மணி வரம்பு போதும். 'ஓவர் டைம் லிமிட்' என்று 10 நிமிடம் சலுகையும் வைத்தேன். கணினி மாடலைப் பழக்கும் நீண்ட பயிற்சி ஓட்டங்களுக்கு 'சிக்னல்' என்ற வசதி இருக்கிறது: நேரம் முடிய 300 நொடி இருக்கும்போது ஜாபுக்கு ஒரு தட்டு தட்டச் சொல்லலாம், அந்த நேரத்தில் பாதியில் உள்ளதைச் சேமித்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்டை எழுதினால் போதும். ஓடும் ஜாபின் நேர வரம்பைப் பயனர் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்ட நிர்வாகி வேண்டும். இரண்டொரு தடவை நான் கூட்டிக் கொடுத்த பிறகு பயம் போய்விட்டது.

என் கணிப்பில், இந்தப் பதிவில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான். ஒரு கோர் கேட்கும் சின்னச் சின்ன ஜாபுகள் வரிசையில் நிற்பதே அபூர்வமாகிவிட்டது.

நாள் பிரித்துக்கொள்ளலாமே?

இடையில் ஒரு கூட்டத்தில் எங்கள் மூத்தவர் ஒருவர் வேறு வழி சொன்னார். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நான்கு நாள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. இழுவை மடியும் வலைகளும் ஒரே நேரத்தில் ஒரே கடலில் மோதக் கூடாது என்பதற்காக. "அது மாதிரி மாடலுக்கு மூணு நாள், மத்தவங்களுக்கு நாலு நாள்னு வச்சிட்டா சண்டையே இல்லையே?" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படகுகளுக்குள்ள சிக்கல் கோர்களுக்கு இல்லை. ஒரே நோடில் ஸ்வான் 8 கோரிலும் படம் வெட்டுவது மீதி 8 கோரிலும் ஓடினால் ஒன்றின் வலையை இன்னொன்று அறுக்காது. நாள் பிரித்தால் மாடல் நாளில் ஒன்றேகால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நாள் முழுக்க கோர்கள் சும்மா கிடக்கும். அதோடு அலைப் படம் எல்லா நாளும் வேண்டும். அதனால் அந்த யோசனையில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு நோடு, தினமும் விடிகாலை 4.30 முதல் 7 வரை, அக்காவின் பெயரில் ஒதுக்கீடு. எஸ்கன்ட்ரோலில் 'ரிசர்வேஷன்' உருவாக்கி, 'டெய்லி' என்ற கொடியைப் போட்டால் நாளுக்கு நாள் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: நேர வரம்பு ஒதுக்கீட்டின் தொடக்கத்தைத் தாண்டும் எந்த ஜாபும் அந்த நோடில் தொடங்காது. ஒரு மணி நேர வரம்புள்ள தம்பியின் வேலைகள் அந்த நோடில் 3.30க்கு மேல் புதிதாக ஏறாது. மோசமான நாளில் 16 கோர் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும், அந்த விலை எனக்குச் சம்மதம். இருபத்தொன்றரை மணி நேரத்துக்கு மேல் கேட்கும் ஜாபுக்கு அந்த நோடு எந்த நாளும் கிடைக்காது, ஏனென்றால் அடுத்த விடிகாலை ஒதுக்கீடு எப்போதும் வழியில் நிற்கும். அதனால் ஜிபியு இல்லாத நோடைத் தேர்ந்தெடுத்தேன். நேர வரம்பே இல்லாத பழைய நிலையில் இதைச் செய்திருந்தால் அந்த நோடு ஸ்வானைத் தவிர யாருக்குமே பயன்பட்டிருக்காது.

அக்காவின் ஜாபுக்கு வரம்பு 1 மணி 45 நிமிடம். ஆக, 5.15க்குள் தொடங்கினால்தான் ஒதுக்கீட்டுக்குள் அடங்கும். காற்றுக் கோப்பு அதற்கு மேல் தாமதமானால்? அதற்குத்தான் முன்னுரிமை.

எடைகளைக் கூட்டிக் கழித்தது

எங்கள் கோப்பில் முன்னுரிமை முறை 'பேசிக்' என்று இருந்தது. முதலில் வந்தவர் முதலில், அவ்வளவுதான். 'மல்டிஃபேக்டர்' என்று மாற்றினால் வயது (காத்திருந்த நேரம்), பகிர்வு நியாயம் (குறைவாகப் பயன்படுத்தியவருக்கு முன்னிடம்), ஜாபின் அளவு, பார்ட்டிஷன், க்யூஓஎஸ் (ஜாபுக்கு நாம் கொடுக்கும் சேவைத் தரம்) என்று ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு வரும். அதை நாம் கொடுக்கும் எடையால் பெருக்கிக் கூட்டினால் ஜாபின் எண். மதிப்பு 1ஐத் தாண்டாது என்பதால் எடைகள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். 10, 20 என்று வைத்தால் எல்லா ஜாபும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நிற்கும். இதை மாற்றிய பிறகு ஸ்லர்மின் கட்டுப்பாட்டு டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) மறுதொடக்கம் செய்தேன். ஓடும் ஜாபுகள் அதனால் சாகாது, பயப்பட வேண்டாம்.

முதலில் மனதில் வைத்த எடைகள்: பகிர்வு நியாயத்துக்கு 6000, வயதுக்கு 2000. வயதின் மதிப்பு இயல்பாக 7 நாளில் 1ஐத் தொடும். காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதே இது எங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்தது. பகிர்வைக் கணக்கிடும் 'ஃபேர் ட்ரீ' முறையில் பகிர்வு மதிப்பு யார் எவ்வளவு அதிகம் பயன்படுத்தினார் என்ற வித்தியாசத்தின் அளவைப் பார்ப்பதில்லை, தரவரிசையைப் பார்க்கிறது. ஒரே கணக்கின் கீழ் ஐந்து பேர் என்றால் மதிப்புகள் 1, 0.8, 0.6, 0.4, 0.2. ஒருவர் மற்றவரைவிட ஒரு மணி நேரம்தான் அதிகம் ஓட்டியிருந்தாலும் இடையில் ஒரு படி உண்டு, அந்தப் படிக்கு 6000இல் 1200. பெரிய நிலையத்தில் ஆயிரம் பயனர் இருக்கும்போது ஒரு படி என்பது தூசு. ஐந்து பேரில் அது மதில்.

அந்த 1200ஐ வயதால் ஈடுகட்ட எவ்வளவு நாள்? 2000 எடை 7 நாளில் சேர்கிறது என்றால் 1200 சேர 4.2 நாள். அதாவது தரவரிசையில் ஒரே ஒரு படி கீழே இருப்பவர் நான்கு நாளுக்கு முன்பே ஜாப் போட்டிருந்தால்தான், இன்றைக்குப் புதிதாகப் போட்டவரோடு சமமாக நிற்பார். கடைசிப் படியில் இருப்பவர் எவ்வளவு காத்திருந்தாலும் முதல் படிக்காரரின் புது ஜாபை எட்டவே முடியாது. 2000 மொத்தமும் சேர்ந்தாலும் 4800 இடைவெளி. தம்பிதான் எப்போதும் கடைசிப் படியில் இருப்பார். அவரை அப்படி வரிசையிலேயே உட்கார வைப்பது என் நோக்கமில்லை.

அதனால் வயதுக்கும் 6000, உச்சத்தைத் தொட 3 நாள். இப்போது ஒரு நாளுக்கு 2000 ஏறுகிறது. ஒரு படியை ஈடுகட்ட 14 மணி நேரம் சொச்சம், கடைசிப் படியிலிருந்து முதல் படிக்கு 2.4 நாள். ஐந்து பேரிடமும் இந்தக் கணக்கைச் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பழைய பயன்பாடு மறக்கும் வேகத்தை, அதாவது அரையாயுளை, இயல்பான 7 நாளிலேயே விட்டேன். அளவுக்கான எடை பூஜ்ஜியம். நான்கு நோடுக்கு அது ஒரு தேவையில்லாத குழப்பம்.

பயன்பாட்டைக் கணக்கிடுவதில் ஒரு ஓட்டை இருந்தது. ஸ்லர்ம் இயல்பாக கோர்களை மட்டும்தான் எண்ணும். 2 கோரோடு ஜிபியுவைப் பிடித்து இரவெல்லாம் பயிற்சி ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் பரம சாது. எங்களிடம் இருப்பதோ ஒரே ஜிபியு. பார்ட்டிஷனில் 'ட்ரெஸ் பில்லிங் வெயிட்ஸ்' என்ற வரியில் ஒரு கோருக்கு 1, ஒரு ஜிபியுவுக்கு 8 என்று வைத்தேன். 4 கோரும் ஜிபியுவும் எடுக்கும் ஜாபுக்கு இனி 12 விழும். 8 என்பதற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை, அரை நோடு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து க்யூஓஎஸ். பயனர் பதிவேட்டை நிர்வகிக்கும் எஸ்அக்ட்எம்ஜிஆர் கட்டளை மூலம் 'அவசரம்' என்று ஒன்று உண்டாக்கி, அதன் முன்னுரிமையை 100 ஆக்கினேன், மற்ற எல்லோருக்கும் உள்ள 'நார்மல்' 0. க்யூஓஎஸ் எடை 15000. ஏன் அந்த எண் என்றால், வயது 6000, பகிர்வு 6000, இரண்டும் உச்சத்தில் நின்றாலும் 12000தான். அவசரம் எப்போதும் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் கதவைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் எல்லாமே அவசரம் ஆகிவிடும். அதனால் அந்த க்யூஓஎஸ்ஸில் மொத்தம் 16 கோர், ஒரு ஆளுக்கு ஒரு ஜாப், அதிகபட்சம் 2 மணி நேரம், அக்காவின் கணக்குக்கு மட்டும் அனுமதி. 'அக்கவுண்டிங் ஸ்டோரேஜ் என்ஃபோர்ஸ்' என்ற வரியில் லிமிட்ஸ், க்யூஓஎஸ் இரண்டையும் சேர்க்காவிட்டால் இந்த வரம்புகள் எதுவும் அமலுக்கு வராது. அதைச் சேர்த்த கணமே பதிவேட்டில் பெயர் இல்லாத பயனர்கள் ஜாப் போட முடியாமல் போவார்கள் என்பதால், ஐந்து பேரையும் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

அக்காவின் ஸ்கிரிப்டிலும் ஒரு மாற்றம். முன்பு 16 கோரைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளேயே காற்றுக் கோப்பு வந்ததா வந்ததா என்று தூங்கித் தூங்கிப் பார்க்கும். இப்போது பதிவிறக்கம் ஒரு கோர் ஜாப், ஸ்வான் அதைச் சார்ந்த இன்னொரு ஜாப்; முதலாவது வெற்றியாக முடிந்தால்தான் இரண்டாவது தகுதி பெறும். இப்படிச் சார்ந்து நிற்கும் நேரத்துக்கு வயது ஏறாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தகுதி பெற்ற நொடியில் அது பிறந்த குழந்தை. 'அக்ரூ ஆல்வேஸ்' என்ற கொடி போட்டால் ஏறும், எங்களுக்கு க்யூஓஎஸ் இருப்பதால் தேவைப்படவில்லை. 5.15க்கு மேல் ஆகிவிட்டால் ஒதுக்கீட்டை விட்டுவிட்டு அவசரத்தில் போடும்படி ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்கிறது. தம்பியின் 40 நிமிட வேலைகள் அடுத்தடுத்து முடிகிற இடத்தில் 16 கோர் சேர அதிக நேரம் பிடிப்பதில்லை.

ஓடும் ஜாபை நிறுத்திவிட்டு அவசரத்தை ஏற்றும் 'பிரீஎம்ப்ஷன்' வசதியையும் யோசித்தோம். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். பாதியில் சேமிக்கத் தெரியாத பயிற்சி ஓட்டத்தை ரீக்யூ செய்தால், அதாவது திரும்ப வரிசையில் போட்டால், முதலிலிருந்து தொடங்கும். பதினெட்டு மணி நேரம் ஓடியதை ஒன்றேகால் மணி நேரத்துக்காக வீசுவது எந்த ஊர் நியாயம்?

கையால் செய்யும் திருத்தங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது கையை வைக்க வேண்டிவரும். அதற்கு நான் பயன்படுத்தும் வரிசை இது. முதலில், முந்த வேண்டியவரை ஏற்றுவதைவிட, அவசரமில்லாதவரை இறங்கச் சொல்வேன். எந்தப் பயனரும் தன் ஜாபுக்குத் தானே 'நைஸ்' போட்டு எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். மைனஸ் நைஸ் போட்டு ஏற்றிக்கொள்வதுதான் நிர்வாகிக்கு மட்டும். "தம்பி, இது ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிஞ்சா போதும்தானே, ஒரு 3000 நைஸ் போட்டுடேன்" என்றால் போட்டுவிடுகிறார். அரே என்றால் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்ற எண்ணை ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைக்கலாம், அது இன்னும் நல்லது. 'ஹோல்ட்' போட்டு நிறுத்துவது அடுத்தது.

எஸ்கன்ட்ரோலின் 'டாப்' கட்டளை பெயரைப் பார்த்து எல்லோரையும் தாண்டிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தாண்டாது. அதே பயனரின் ஜாபுகளுக்குள் மட்டும் ஒன்றை மேலே கொண்டுவரும்.

எண்ணை நேரடியாக எழுதுவது கடைசி. ஒரு ஜாபுக்கு முன்னுரிமை இவ்வளவு என்று கையால் கொடுத்தால், அந்த நொடியிலிருந்து மல்டிஃபேக்டர் அதைத் தொடாது. வயது ஏறாது, பகிர்வு மாறாது, முன்பு போட்ட நைஸும் போய்விடும். அதைப் பழையபடி கணக்குக்குள் கொண்டுவர, ஹோல்ட் போட்டு உடனே ரிலீஸ் செய்ய வேண்டும். எங்கள் வரிசையில் யார் எப்போது போட்டதோ தெரியாத பெரிய எண்ணோடு சில ஜாபுகள் இருந்தன. அவற்றை இப்படித்தான் எடுத்தேன்.

எதைத் தொட்டாலும் முன்னும் பின்னும் எஸ்பிரியோவை நீள வடிவில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஜாபின் எண்ணும் எந்தக் காரணியிலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும். எஸ்ஷேர் போட்டால் யார் எந்தப் படியில் என்பது தெரியும். "என் ஜாப் ஏன் நிற்கிறது?" என்று வருபவரிடம் இப்போது நான் விளக்கம் சொல்வதில்லை, அந்த இரண்டு கட்டளையையும் எழுதிய சீட்டு திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

அடுத்த மாதம் புதிதாக இரண்டு மாணவர்கள் வருகிறார்கள். ஏழு பேர் ஆனால் ஒரு படி 6000ஐ 7ஆல் வகுத்து 857 ஆகும், அதை வயதால் ஈடுகட்ட பத்து மணி நேரம் சொச்சம். கடைசிப் படிக்கும் முதல் படிக்கும் இடையில் 5142, அது 2.6 நாள், 3 நாள் உச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. எடைகளை மாற்றத் தேவையில்லை. அவர்கள் வருவதற்கு முன் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதும், பயிற்சி ஸ்கிரிப்டில் சேமிக்கும் பகுதியைத் தம்பி எழுதி முடிப்பதும்தான் பாக்கி. அது முடிந்தால் பிரீஎம்ப்ஷனை ஜிபியு நோடில் மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன்.